கேஸ் அடிப்பது பழுதுபார்ப்பு அல்ல

"கேஸ் கொறஞ்சிருக்கு சார், அடிச்சிட்டா கூலிங் வந்துடும்." பழைய கான்டெஸாவையோ பிரீமியர் 118 என்.இ.யையோ பங்குனி வெயிலில் ஏ.சி. கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் தீர்ப்பு இதுதான். சிறிது நேரத்தில் வேலை முடிகிறது, வண்டி குளிர்கிறது, பணம் கைமாறுகிறது. ஆடி பிறப்பதற்குள் மறுபடி அதே கடை, அதே பேச்சு.

இதைப் பழுதுபார்ப்பு என்று வண்டிக்காரர்கள் ஏற்கக் கூடாது. ஏ.சி. வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரெசர் அதை அழுத்துகிறது. முன்புறத்துக் கண்டென்சரில் சூட்டை இறக்கித் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் கம்ப்ரெசருக்கே திரும்புகிறது. ரப்பர் ஹோஸ் வழியே ஆண்டுக்கு மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஒரே கோடையில் குளிர்ச்சி போய்விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குத்தான் கூலி கொடுக்கப்படுகிறது.

பழைய வண்டிகளில் கசிவு முதலில் தேட வேண்டிய இடம் கம்ப்ரெசரின் முன்பக்க ஷாஃப்ட் சீல். மாதக்கணக்கில் ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியில் அந்த சீல் மீதிருந்த எண்ணெய் வடிந்து, ரப்பர் காய்ந்து சுருங்கிவிடும். மார்கழியானாலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிட்டால் இந்தச் செலவு பெரும்பாலும் தப்பும். அடுத்து இணைப்புகளில் உள்ள ஓ-ரிங், ஹோஸ் முனைகள், கல்லடி பட்ட கண்டென்சர். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் பல கசிவுகள் கண்ணுக்கே தெரியும். இதற்கு நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். கூலி கொடுக்க வேண்டியது அந்த நேரத்துக்கு.

இது வண்டிக்காரரின் பணப் பிரச்சினை மட்டுமல்ல. 1990களின் தொடக்கம் வரை வந்த கார்களில் இருந்தது ஆர்-12 என்ற வாயு. அதுபோன்ற குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது, 1992இல் இந்தியா சேர்ந்தது. இங்கே அந்த வாயுக்களைத் தயாரித்த ஆலைகளுள் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கான விதிவிலக்கு நீங்கலாக, 2008 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அவற்றின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஒரு கிலோ ஆர்-12 காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் அது ஏறத்தாழ 11 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய கார் ஒன்றில் இருப்பது சுமார் அந்த ஒரு கிலோதான். அமெரிக்காவில் 1992 ஜூலை முதல் இதை வேண்டுமென்றே வெளியேற்றுவது சட்டப்படி குற்றம். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் இன்றும் நட்டைத் தளர்த்திக் காற்றில் விட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

எனவே பழைய வண்டியை, ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றுவதே சரி. ஆனால் அதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது. ஆர்-12 உடன் ஓடிய மினரல் ஆயில் புதிய வாயுவோடு கலக்காது. எண்ணெய் கம்ப்ரெசருக்குத் திரும்பாமல் போனால் கம்ப்ரெசர் வறண்டு ஜாம் ஆகும். பழைய எண்ணெயை வடித்து பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். ஓ-ரிங்குகளும் டிரையரும் புதிதாக வேண்டும். ஹோஸ்களும் வாயுவை உள்ளே தடுத்து நிறுத்தும் படலம் கொண்டவையாக இருப்பது நல்லது. பிறகு வேக்யூம் பம்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி ஈரத்தை இழுத்தெடுத்தாக வேண்டும். நிரப்பும் அளவு, எடைக் கணக்கில், பழையதில் சுமார் 80 முதல் 85 சதவீதம். கண்டென்சர் சூடேறும்போது ஆர்-134ஏயின் அழுத்தம் ஆர்-12ஐவிட அதிகம் ஏறும் என்பதால், சென்னை வெயிலில் பழைய கண்டென்சர் திணறும். பெரிய கண்டென்சரும் நல்ல மின்விசிறியும் போட்டால்தான் சிக்னலில் நிற்கும்போதும் குளிரும். டேஷ்போர்டின் திருகுகளும் காற்றுத் துளைகளும் அப்படியே இருக்கட்டும். பானெட்டுக்குள் மறைந்திருப்பதைப் புதிதாக்குவதால் வண்டியின் பழமை குலைந்துவிடாது.

சமையல் எரிவாயு போன்ற ஹைட்ரோ கார்பனை நிரப்பச் சொல்லும் யோசனையை மட்டும் யாரும் ஏற்க வேண்டாம். மலிவுதான், குளிரும் நன்றாகவே வரும். ஆனால் கூலிங் காயில் இருப்பது பயணிகளின் முழங்காலுக்கு முன்னால். அங்கே கசிந்தால் எரியும் வாயு மூடிய கண்ணாடிகளுக்குள் நிறையும்.

சிறு கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் ரெகவரி மெஷினை வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. அதற்கு அரசு மானியக் கடன் தர வேண்டும், ஐ.டி.ஐ.களில் பழைய ஏ.சி.களை மாற்றியமைக்கும் பயிற்சியும் கைவேலையாகவே நடக்க வேண்டும். அதுவரை வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கசிவு எங்கே என்று காட்டாத கடையில் கேஸ் அடிக்க மறுத்துவிடுங்கள்.