கிருமி ஒட்டாத மூட்டு

தண்ணீர்ப் பானையை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் உள்ளே வழவழவென்று ஒரு படலம் படியும். கழுவினால் போகாது. தேய்த்தால்தான் போகும்.

உடலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டிலும் இப்படிப் படலம் படிவது உண்டு. கிருமிகள் உலோகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பசை போன்ற ஒன்றைக் கக்கி, அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. எலும்பில் ரத்தம் ஓடுகிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியோடு போராடும். உலோகத்தில் ரத்தம் ஏது? படலம் முற்றிவிட்டால் மருந்து மட்டும் போதாது. பல சமயம் மூட்டையே கழற்ற வேண்டி வருகிறது.

ஆகவே, ஒட்ட விடாமல் தடுப்பதே வழி. இதை ஒரு டாக்டர் பிடிவாதமாகச் செய்து காட்டினார். அவர் பெயர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தவர். 1962-ம் ஆண்டில் எஃகுத் தலையும் பிளாஸ்டிக் குழியும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்! ஆனால் ஆரம்ப காலத்தில் 100 பேரில் சுமார் 7 பேருக்குச் சீழ் பிடித்தது.

கிருமி எங்கிருந்து வந்தது? கத்தி சுத்தம். கை சுத்தம். காற்று?

ஆபரேஷன் செய்பவர்களின் உடலிலிருந்தும் தோல் துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. கிருமிகள் அவற்றில் ஏறிப் பறக்கின்றன. சார்ன்லி அறைக்குள் ஓர் அறை கட்டினார். அதில் வடிகட்டிய காற்றைச் செலுத்தினார். டாக்டர்கள் தலை முதல் மூடிய அங்கி அணிந்தனர். அவர்கள் விட்ட மூச்சைக் குழாய் உறிஞ்சி வெளியேற்றியது. தையல் போடும் முறையையும் திருத்தினார். 1970-ஐ ஒட்டிச் சீழ் பிடிப்பது 100-க்கு 1-க்கும் கீழே இறங்கியது.

இத்தகைய காற்று அறைக்குச் செலவு அதிகம். செலவு குறைந்த வழிகளும் உண்டு. கத்தி வைப்பதற்கு முன்பே கிருமிக்கொல்லி ஊசி போட வேண்டும். முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கூறியது. மழித்தால் தோல் கீறும். கீறலில் கிருமி சேரும்.

வீட்டாருக்கும் பங்கு உண்டு. காலில் புண், சொத்தைப் பல், மூத்திரக் கடுப்பு எதுவானாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சர்க்கரை நோயை அடக்கி வைக்க வேண்டும். நாள் குறித்தாகிவிட்டதே, தள்ளிப் போய்விடுமே என்று சிலர் புண்ணை மறைக்கிறார்கள். இது பெரும் தவறு. புண் ஆறச் சில வாரம் போதும். கிருமி பிடித்த மூட்டை எடுத்து, வாரக்கணக்கில் மருந்து செலுத்தி, வேறு மூட்டு வைக்கப் பல மாதம் ஆகலாம்.