இரவில் எரிவதும் நம் வெயில்தானா?

என் தந்தையார் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில், செய்தித்தாளைப் பிரிப்பதற்கு முன்பாக, வாசல் திண்ணைக்கு மேலே இருக்கும் மீட்டரை மூக்குக் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்து, அதன் எண்ணைத் தேதியோடு அதில் குறித்துக்கொள்வார். முந்தைய வார எண்ணைக் கழித்துப் பார்ப்பார். பெருந்தொகையாக இருந்தால் அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரும் இல்லாத அறையில் மின்விசிறி சுற்ற முடியாது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கணக்கு இங்கே ஏறக்குறைய ஓர் ஒழுக்கநூல்.

அந்த நூலின் அதிகாரங்கள் அடுக்குகளாக அமைந்தவை. 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மட்டும் கூடாது. 101 முதல் 200 வரை கிடைத்த 2 ரூபாய் 25 காசு என்ற சலுகை விலையும் பறிபோய்விடும். கணக்கு 1,958 ரூபாயில் போய் நிற்கும். ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். அதன்பின் விகிதங்கள் ஏறியிருக்கின்றன. ஆனால் ஐந்நூறு என்பது இலட்சுமணன் கிழித்த கோடு என்ற அச்சம் நடுத்தர வீடுகளின் எலும்பில் ஊறிப்போனது. அந்த அச்சம்தான் எங்களுக்கு விளக்கை அணைக்கக் கற்றுக்கொடுத்தது. சிக்கனம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில் பாதி, அச்சம்தான்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரத்துக்கான திட்டத்தை அறிவித்தது. மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். அந்த ஆண்டு செப்டம்பரில் எங்கள் திருச்சி வீட்டு மொட்டைமாடியில் தகடுகள் ஏறின. மானியம் போகக் கையிலிருந்து ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. ஆறேழு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று அமைக்க வந்தவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. அதில் ஒரே ஓர் அனுமானம்தான் இருந்தது: நாங்கள் மாறாமல் இருப்போம் என்பது.

தந்தையார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நோட்டு அவரோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக என் கைப்பேசியில் ஒரு செயலி வந்து சேர்ந்தது. இன்று இத்தனை யூனிட் விளைந்தது என்று பச்சை நிறத்தில் அது சொல்லும். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று. ஐப்பசி அடைமழையில் மூன்று, நான்கு. சித்திரையில்தான் அதிகம் விளையும் என்று நான் நினைத்திருந்தேன், அப்படியில்லை. தகட்டின் திறன் 25 பாகை வெப்பத்தில் அளந்து சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு சதவீதம் குறையும். சித்திரை நண்பகலில் தகடு அறுபது பாகையைத் தாண்டிக் கொதிக்கும்போது அதன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெப்பத்துக்கே போய்விடுகிறது. தகட்டுக்கு வேண்டியது ஒளி, வெம்மை அல்ல. பிப்ரவரியின் தெளிந்த வானமே அதற்கு உகந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளும் ஆர்வம் தொடக்க மாதங்களில் எங்கள் வீட்டை உண்மையிலேயே மாற்றியது. நம் இலக்கண நூலார் நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்து ஒவ்வொரு நிலத்துக்கும் ஒன்றை உரியதாக்கினார்கள். பாலைக்கு நண்பகல். கம்பி வழியே வரும் மின்சாரம் இந்தப் பகுப்பையெல்லாம் அழித்துவிட்ட ஒன்று. அதற்கு வைகறையும் யாமமும் ஒன்றுதான். கூரைத் தகடு மின்சாரத்துக்கு மீண்டும் ஒரு பொழுதைக் கொடுத்தது. மோட்டார், கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே இடம்பெயர்ந்தன. என் அம்மாவுக்கு இது புதிய பாடமே அல்ல. வெயிலைப் பார்த்து வேலையை வைத்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. நெல் அவித்துக் காயவைத்ததும், மிளகாய் உலர்த்தியதும், கூழ்வற்றல் பிழிந்ததும் வெயிலின் நாட்குறிப்பின்படிதானே? வேடிக்கை என்னவென்றால், அவர் வற்றல் பிழிந்துகொண்டிருந்த இடத்தில்தான் இப்போது தகடுகள் நிற்கின்றன. மூன்று கிலோவாட்டுக்கு ஏறத்தாழ முந்நூறு சதுர அடி வேண்டும். வெயிலை நேரடியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒருவரை இறக்கிவிட்டுத்தான் வெயிலைப் பயன்படுத்தும் கருவியை நாங்கள் ஏற்றினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் கணக்கு வந்தது. மூவாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த தொகை நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அன்றைக்கு ஐந்நூறு என்ற கோடு அழிந்தது. கோட்டோடு அச்சமும், அச்சத்தோடு கவனமும் போயின. எவ்வளவு விரைவாகப் போயின என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. மொட்டைமாடி அறையில் இரண்டாவது குளிர்சாதனம் வந்தது. சமையலறையில் தூண்டல் அடுப்பு வந்தது. கூடத்து விளக்கை அணைக்க எழுந்த அம்மாவிடம், "இருக்கட்டும்மா, சோலார்தானே" என்றேன். இந்த 'தானே'யைக் கூரையில் தகடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம். அரசுத் திட்டத்தின் பெயரிலேயே இலவச மின்சாரம் என்ற சொல் இருக்கும்போது குடிமகனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

*

2025 கோடையில் ஒரு நாள் நண்பகல், தெரு முழுவதும் மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டிலும் போயிற்று. மேலே தீப்பொறி பறக்கும் வெயில், கீழே அசையாத மின்விசிறி. தன் கூரையில் சூரியனையே பிடித்து வைத்திருப்பவனுக்கு இது தாங்கமுடியாத அவமானம். ஆனால் காரணம் நியாயமானது. மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் கூரையிலிருந்து கம்பிக்கு ஏறும் மின்சாரம், கம்பத்தில் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளியின் உயிரை எடுத்துவிடும். மின்கலம் இல்லாத எங்களைப் போன்ற வீடுகள், தன்னிறைவு பெற்ற தீவுகள் அல்ல. அதே கம்பியின் இன்னொரு முனை, அவ்வளவுதான்.

இதை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பகலில் விளைவது நமக்குப் போக மிச்சம் கம்பிக்குப் போகும், இரவில் கம்பியிலிருந்து நாம் எடுத்துக்கொள்வோம், மீட்டர் இரண்டையும் கழித்துக்கொள்ளும் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ ராத்திரி எரியுறதும் நம்ம வெயில்தானாப்பா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

அன்று மாலை இருவழி மீட்டரின் பொத்தானை அழுத்தி, இறக்குமதி, ஏற்றுமதி என்று அது காட்டும் இரண்டு எண்களையும் முதன்முறையாகக் குறித்தேன். ஏப்ரல், மே மாதங்களின் கணக்கு முழுமையாகக் கிடைத்தபோது அது இப்படி இருந்தது. கூரையில் விளைந்தது 720 யூனிட். அதில் நாங்கள் அந்தந்த நேரத்திலேயே பயன்படுத்தியது 310. கம்பிக்கு அனுப்பியது 410. கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டது 650. ஆக மொத்தச் செலவு 960 யூனிட். கணக்கில் வந்ததோ 650-இல் 410 போக வெறும் 240. கட்டிய தொகை சில நூறு ரூபாய்தான். தந்தையாரின் பழைய கணக்குகள் இருந்த கோப்பை எடுத்தேன். தகடு ஏறுவதற்கு முந்தைய ஆண்டு அதே இரு மாதங்களில் நாங்கள் செலவழித்திருந்தது 620.

இதை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சூரியத் தகடு இல்லாதபோது கம்பியிலிருந்து 620 எடுத்துக்கொண்ட வீடு, தகடு வந்தபின் 650 எடுத்துக்கொள்கிறது. பில் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. கம்பியின் மீது வைத்த சுமை குறையவே இல்லை. அதுவும் எந்த நேரத்துச் சுமை? இரண்டு குளிர்சாதனங்களும் ஓடும் இரவுச் சுமை. ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் மாதங்களில் காற்றாலைகள் கொஞ்சம் தாங்கும். மற்ற நாட்களில் இரவின் பெரும்பங்கு நிலக்கரியில்தான் எரிகிறது. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரிந்ததை, நண்பகலில் நான் அனுப்பிய 410-ஐக் காட்டி வெயில் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் இதையொத்த ஒன்றைச் சொன்னார். நீராவி எந்திரம் குறைந்த கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியதால் கரிச்செலவு குறையவில்லை, பெருகியது என்றார். மலிவானது எதுவும் குறைவாகச் செலவாவதில்லை. அந்த நூல் வெளிவந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் கூடத்து விளக்கு அதை இன்னும் படிக்கவில்லை.

*

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர்களுக்குத் தனி மீட்டர். கூரை அவர்களுடையது அல்ல. ஆகவே தகடும் மானியமும் அவர்களுக்கு இல்லை. அந்த வீட்டம்மா பகலில் தையல் எந்திரம் ஓட்டுகிறார். நண்பகலில் என் கூரையிலிருந்து கம்பிக்குப் போகும் மின்சாரம் வெகுதூரம் பயணம் செய்வதில்லை. அருகில் யார் வீட்டில் தேவை இருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் செலவாகும். அதாவது என் வெயில் அவருடைய தையல் எந்திரத்தில் ஓடுகிறது. அதற்கு அவர் மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிறார். அந்த யூனிட் என் கணக்கில் வரவாகி, இரவில் என் குளிர்சாதனத்துக்குக் கழிவாகிறது. வெயிலில் ஓடும் வீடு கீழ்வீடு. வெயில் வீடு என்ற பெயர் மேல்வீட்டுக்கு.

இதனால் சூரியத் தகடு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழ்வீட்டின் பகல் மின்சாரம் கரியில்லாமல் கிடைப்பது தகட்டால்தான். என் மறுப்பு தகட்டின் மீதல்ல, கழித்தல் குறியின் மீது. பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்று என்று மீட்டர் பாவிக்கிறது. தொடக்கத்தில் மக்களை ஈர்க்க அந்தப் பாவனை தேவைப்பட்டது. கூரைகள் பெருகப் பெருக அது பொய்யாகிக்கொண்டே போகும். கலிபோர்னியாவில் நண்பகலில் தேவை பள்ளமாகி, மாலையில் செங்குத்தாக ஏறும் கோட்டுக்கு 2013-இலேயே வாத்து வளைவு என்று பெயரிட்டுவிட்டார்கள். அந்த வாத்தின் கழுத்தை நிமிர்த்துவது ஏழு மணிக்கு வீடு திரும்பி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடும் நம் கைகள்.

இரண்டு திருத்தங்கள் வேண்டும் என்று எண்ணுகிறேன். ஒன்று, மின்சாரத்துக்குப் பொழுதுக்கேற்ற விலை. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய விதிகள், வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. கசப்பான மருந்துதான், என் பில்லும் உயரும். ஆனால் அது உண்மையான பில்லாக இருக்கும். பகலில் தைப்பவருக்கு மலிவாகவும், இரவில் குளிர்பவனுக்கு விலையேறியும் இருக்கும். இரண்டு, கூரையில்லாதவர்களுக்கும் தகட்டில் பங்கு. ஓரிடத்தில் அமைக்கும் தகடுகளின் விளைச்சலைப் பல இணைப்புகளின் கணக்கில் பகிர்ந்து வரவு வைக்கும் முறைக்கு டெல்லியில் 2019-லேயே வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன. வெயில் வீட்டு உரிமையாளனின் தலையில் மட்டும் விழுவதில்லையே!

விதிகள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. தந்தையாரின் நோட்டில் இன்னும் பதினோரு பக்கங்கள் மிச்சமிருக்கின்றன. ஞாயிறு காலையில் நான் இப்போது அதில் இரண்டு பத்திகளாக எழுதுகிறேன்: கொடுத்தது, எடுத்தது. கழிப்பதில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தை நண்பகலில் போடுவதை அம்மாவின் தலையில் கட்டாமல், விடுமுறை நாட்களில் நானே போடுகிறேன். இரவில் ஒரே அறையில் எல்லோரும் படுக்கிறோம். ஒரு குளிர்சாதனம் போதுமாக இருக்கிறது. அடுத்த இரு மாதங்களில் எடுத்தது 650-இலிருந்து 480-க்கு இறங்கியது. அதில் எவ்வளவு நம் முயற்சி, எவ்வளவு கோடை தணிந்ததால் என்று பிரித்துச் சொல்ல இன்னும் ஓராண்டு எழுதியாக வேண்டும்.

கீழ்வீட்டு வாடகையில் மாதம் இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டேன். எதற்கு என்று அந்த அம்மா கேட்டார். வெயிலுக்கு என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மாடியில் தகடுகளின் நிழல் விழாத தென்கிழக்கு மூலை ஒன்று காலியாக இருக்கிறது. இந்த மாசியில் அங்கே கூழ்வற்றல் பிழியலாமா என்று அம்மா கேட்டிருக்கிறார். அமைத்தவர் இன்னும் இரண்டு தகடு போடலாம் என்று சொல்லியிருந்த இடம் அது. வற்றலுக்கே விட்டுவிட்டேன்.