சொல்லப்படாத பங்கு



வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்மூடுகிறார். அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் திருப்பலியும் ஒப்புக்கொடுத்த பின், உறவினர் காந்திபுரம் பேருந்து நிலையத்திலிருந்து தத்தம் ஊர் திரும்புகின்றனர். இறந்தவர் விட்டுச்சென்றது என்ன, அதில் யார் யாருக்கு உரிமை உண்டு என்பதை வாரிசுகளுக்கு அறிவிப்பவர் யார்? எந்த அரசு அலுவலகமும் கடிதம் எழுதி அழைப்பதில்லை. இறப்புச் செய்தி எட்டாதவரை வங்கிக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே பீரோச் சாவி எவர் கையில் உள்ளதோ, அவரே முதலில் அறிகிறார். ஏனையோர் அவர் சொல்லித்தான் அறிய வேண்டும்.

அநீதி நுழைவது இவ்விடத்தில்தான். நம் கொங்குப் பகுதியில் அது பெரும்பாலும் பெண்மக்களையே தாக்குகிறது. "சீர்வரிசை எல்லாம் குறைவின்றிச் செய்தாயிற்று, இனி அவளுக்கு ஏது பங்கு?" என்று உடன்பிறந்த ஆண்கள் தமக்குள் முடிவு செய்கின்றனர். பின்னொரு நாள், திருப்பூரிலோ ஈரோட்டிலோ வாழ்க்கைப்பட்ட தங்கையைப் பதிவு அலுவலகத்திற்கு வரவழைத்து, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கின்றனர். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறியாமலே, அண்ணன் முகத்திற்காக அவளும் கையொப்பமிடுகிறாள்.

சட்டம் கூறுவது வேறு. கிறிஸ்தவர்களுக்குரியது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவி மக்கள் இருக்க, உயில் எழுதாது இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குரியது. எஞ்சிய இரு பங்கும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி மக்கள் அனைவருக்கும் சமம். தந்தை தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கு வழங்கியதை அப்பிள்ளையின் பங்கில் கழித்தலாகாது என்று 49-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. எனவே தந்தை செய்த சீர் வேறு, பங்கு வேறு. பழைய திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு, மகன் பங்கில் கால் பாகம் அல்லது ரூ. 5,000, இவற்றுள் எது குறைவோ அதையே அளித்தது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம் அங்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

வங்கிக் கணக்கில் நாமினியாக எழுதப்பட்டவர் அப்பணம் முழுவதும் தமதே என்று எண்ணுவதும் தவறு. அவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையவரேயன்றி, அதனாலேயே அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என 2010-இல் உச்சநீதிமன்றம் விளக்கியுள்ளது.

ஒன்றும் சொல்லப்படாத வாரிசு என் செய்வது? இறப்புச் சான்றிதழின் படியைப் பெறுக. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க. பதிவு செய்யப்பட்ட உயில் உண்டாயின், எழுதியவர் இறந்த பின் இறப்புச் சான்றைக் காட்டிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகலைப் பெறலாம். நிலத்தின் வரலாற்றை வில்லங்கச் சான்று காட்டும். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். எனினும் வாரிசின் உரிமை அழிவதில்லை. அவற்றைப் பெயரைக் கொண்டு தேட, 2023-இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. உறவை மெய்ப்பிக்கத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் துணைநிற்கும். தயங்காது பங்கு அலுவலகத்தை அணுகுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நிலம், வைப்பு, காப்பீடு, நகை, கடன் அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அது இருக்கும் இடத்தை ஒரு பிள்ளைக்கு மட்டுமன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் கூறுங்கள்.

சாவி வைத்திருக்கும் மூத்தவருக்கும் ஒரு வார்த்தை. கையொப்பம் கேட்குமுன் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். அனைத்தையும் அறிந்தபின் தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால், அது அவளுடைய கொடை. அறியாமல் அவள் இழந்தது நீங்கள் எடுத்துக்கொண்டதேயாகும்.