மண்டோர் வேலைக்கு எது தகுதி?

விடியற்காலைப் பெரட்டில் நின்று பழகியவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதல்ல. ஆள் கணக்கு எடுத்து முடிவதற்குள் ஒருவர் மண்டோர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அண்ணே, உங்க மாதிரி வேலை வாங்க இந்தத் தோட்டத்துல வேற யாருங்க இருக்கா?" என்று ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சமதரையில், குட்டை மரங்கள் உள்ள நிரை கிடைத்துவிடும். வாய் திறக்காமல் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருப்பவருக்கோ குன்று மேட்டில், அண்ணாந்து பார்த்தாலே கழுத்து நோகும் மரங்கள். நான் போன தோட்டங்களில் பாஷை தெரியாத வங்காளதேசித் தொழிலாளிக்கும் அந்த மேடுதான்.

இதைக் காக்காய் பிடிப்பது என்கிறோம். மலாய்க்காரர்கள் 'போடெக்' என்கிறார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். சிரிக்கிற காரியமா இது? குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அதற்கு மேல் கைக்கு வருவது எத்தனை குலை வெட்டினோம் என்பதைப் பொறுத்தது. உயர மரத்துக்குக் கூலி கூட்டிக் கொடுக்கிற இடத்தில்கூட, மேட்டில் ஏறி இறங்குகிற நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டம், பேர் வேண்டாம். அங்கே மண்டோர் இடம் ஒன்று காலியானது. பத்தொன்பது வருடம் குலை வெட்டிய ஒரு பெரியவர் இருந்தார். கீழே கிடக்கும் உதிரிப் பழத்தைப் பார்த்தே மேலே இருப்பது பழமா செங்காயா என்று சொல்லிவிடுவார். வேலை கிடைத்ததோ, துரை வீட்டு வாசலில் புல் வெட்டி, கார் கழுவி, துரையம்மாவுக்கு மீன் வாங்கிக் கொடுத்தவருக்கு! புது மண்டோருக்குக் காயும் தெரியவில்லை, பழமும் தெரியவில்லை. ஆலையிலிருந்து காய்க்குலை என்று புகார் வந்தது. கூலி வெட்டு விழுந்தது வெட்டுகிறவர்கள் தலையில்.

"நீங்க ஏன் போய்க் கேக்கல?" என்றேன் பெரியவரிடம்.

"என் வேலையை அவங்க பாக்கலையா தம்பி? நான் வேற தனியா போய்ச் சொல்லணுமா?" என்றார்.

காக்காய் பிடிப்பவரை மட்டும் திட்டிப் பயனில்லை. கங்காணி காலத்தில் வேலை, கடன், லீவு எல்லாம் ஒரே ஆளின் வாயில் இருந்தன. கும்பிடு போடாமல் எப்படிப் பிழைப்பது? 1938இல் இந்திய அரசாங்கம் இங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு கங்காணியும் போய்விட்டார். கும்பிடு மட்டும் போகவில்லை. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். இன்னாருக்குப் பதவி உயர்வு கொடு என்று சங்கம் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் வைக்க முடியாது. அது முதலாளியின் உரிமையாம். சங்கத்தால் ஆகாது என்று தெரிந்தவன் துரை வீட்டுப் படியைத்தானே மிதிப்பான்?

ஆனால் பதவி உயர்வு பற்றிய பொதுவான கேள்விகளைக் கேட்க அதே பிரிவு இடம் கொடுக்கிறது. இடம் காலியானால் பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டு, என்ன தகுதி என்று எழுது, சர்வீஸைக் கணக்கில் எடு என்று கேட்கலாம். நிரையை வாரா வாரம் மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம்கூட வேண்டாம். துரை மனசு வைத்தாலே போதும். இதை நாங்கள் உரக்கக் கேட்டோமா என்றால், இல்லை.

ஏன் கேட்கவில்லை? எங்களுக்கும் அந்த நோய் உண்டு. தோட்டத்துக்குப் போனால் மாலை, கோழிக்கறி, "உங்கள விட்டா எங்களுக்கு யாருங்க!" என்கிற பேச்சு. அப்படி மாலை போட்டவர் ஒருவரின் புகார் மனு என் கையிலிருந்து ஒரே வாரத்தில் மேலே போனது. அந்தப் பெரியவரின் கூலி வெட்டு மனு என் பைலில் இரண்டு மாதம் கிடந்தது. அவர் ஒரு தடவைகூட வந்து ஞாபகப்படுத்தவில்லை.