கருப்பு என்றால் கெட்டதா?



ஆங்கிலத்தில் 'பிளாக் மார்க்கெட்' என்றால் கள்ளச்சந்தை. 'பிளாக் ஷீப்' என்றால் குடும்பத்துக்கு அவப்பெயர் தேடித் தருபவர். ஆனால் கணக்கு 'இன் தி பிளாக்' என்றால் லாபம்!

துருக்கி மொழியில் கருப்புக்கு 'கரா'. 'கரா குன்' என்றால் துன்பமான நாள். அந்த நாளிலும் கைவிடாத நண்பர் 'கரா குன் தோஸ்து'. கருவிழி அழகைப் புகழவும் அதே 'கரா'தான்.

ஆக, குற்றம் நிறத்தில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது.

'பிளாக் ஷீப்' நடத்திய அன்று, ஒரு மாணவியைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நான் கண்டிக்கவில்லை. அவள் தலைகுனிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதைப் படித்தால் என்னை மன்னித்துவிடம்மா.

உங்களில் ஆசிரியரானவர்களே, ஒரு சொல்லுக்கு ஒரே பொருளோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள்.