விலாங்குக்கு வழி விடுங்கள்

மழையில்லாத மாதங்களில் ஊவா மலைகளில் சிறு நீர்மின் அணைக்கட்டு ஒன்றுக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் ஓயா இருக்காது, பாறைதான் இருக்கும். தண்ணீர் குழாய்க்குள் போய்விட்டது. இடுக்குக் குட்டைகளில் மீன்குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. லயத்துப் பிள்ளைகள் அவற்றைக் கையாலேயே அள்ளுகிறார்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் எழுதவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலேயே ஓடைத் தண்ணீரால் தேயிலை ஸ்டோர் இயந்திரங்களை ஓட்டிய மலையகம் இது. ஆனால் மெகாவாட் கணக்குப் பார்த்து அனுமதி கொடுப்பவர்கள் மீனின் போக்கையும் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், கோப்ஸ்குக் விரிகுடாவின் நீரோட்டத்தில் இறக்கிய டர்பைனை ஆராய்ந்தார்கள். மீன்கள் அதைக் கண்டு விலகின. இருட்டில் அந்த விலகல் குறைந்தது. அங்கே விலகிப் போகக் கடல் இருக்கிறது. இங்கே இருப்பது குழாய். விலாங்கு கடலில் பிறந்து, குஞ்சாக ஆறேறி, வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட ஒரேயொரு முறை கடலுக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் வெள்ளம் வந்த இருண்ட இரவுகளில், நீரோட்டத்தை நம்பி இறங்கும். அந்த நீரோட்டமே அதைக் குழாயின் வாய்க்கு இழுக்கிறது. நீண்ட உடம்பு என்பதால் டர்பைன் அலகில் அடிபடும் ஆபத்தும் அதற்கு அதிகம்.

2024 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்ட 120 மெகாவாட் உமா ஓயாத் திட்டத்தில் ஆற்றின் திசையே மாறிவிட்டது. மகாவலிக்கு ஓடிய நீரில் ஒரு பகுதி புஹுல்பொல, டயரபா அணைகளில் மறிக்கப்பட்டு, 15 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கம் வழியே கிரிந்தி ஓயாப் பக்கம் போகிறது. திருகோணமலைக் கடலைச் சேர வேண்டிய தண்ணீர் தென்கரையை நோக்கித் திரும்பிவிட்டது. சுரங்க வேலையால் கிணறு வற்றியதையும் சுவர் வெடித்ததையும் பண்டாரவளை மக்கள் தெருவில் இறங்கித்தான் அரசின் காதில் போட்டார்கள். மீனுக்கு அந்த வழியும் இல்லை. கீழே மகாவலியில் ரன்தெம்பே அணை விலாங்கை ஏற்கெனவே மறிக்கிறதே, இனிக் காப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஓயாவிலேயே பிறந்து ஓயாவிலேயே வாழும் மீன்களுக்கும் ஓடுகிற தண்ணீர் வேண்டுமே.

குழாய் வாயில் நெருக்கமான கம்பித் தடுப்பு, பக்கத்தில் மீன் இறங்க ஒரு வாய்க்கால், கனமழை இரவுகளில் சில மணி நேரம் இயந்திர நிறுத்தம். இவை எதுவும் புதிதல்ல. மேலேறும் குஞ்சுகளுக்கும் வழி உண்டு: நியூசிலாந்தில் அணைக்குக் கீழே குவியும் விலாங்குக் குஞ்சுகளைப் பிடித்து மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபை இவற்றை ஒவ்வொரு அனுமதியிலும் நிபந்தனையாக்க வேண்டும். ஆற்றில் விட வேண்டிய நீரின் அளவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அணைக்கட்டிலேயே அளவுகோலோடு நட்டு வைக்க வேண்டும். தண்ணீர் குறைந்த அன்றே பீலிக்கரைக்குப் போகிற பெண்கள் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.