மலையா, மாலையா, மழையா?

ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் நண்பன் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்புகிறான். ஆங்கில எழுத்தில் தமிழைச் சுருக்கி, 'எம், ஏ, எல், ஏ, ஐ' என்று ஐந்தே எழுத்துகள். அது மலையா, மாலையா, மழையா? மலைக்கோட்டை அடிவாரத்தில் போய் நிற்பதா, மாலை வரை காத்திருப்பதா, குடையைத் தேடுவதா? திருச்சிராப்பள்ளியையே இப்படி எழுதினால், கடைசியில் இருப்பது பள்ளியா, பல்லியா என்று வெளியூர்க்காரர் விழிப்பார்!

இது சோம்பலால் மட்டும் வந்த வழக்கமன்று. ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகளுக்கே, அதாவது 1,120 பிட்டுகளுக்கே இடம் உண்டு. ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டுகள் போதும்; ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டுகள் வேண்டும். 70 குறிகள்தாம் அடங்கும். 'தி' என்பதோ தகரமும் இகரக் குறியுமாக இரண்டு. எண்ணிப் பாருங்கள்: 'திருச்சிராப்பள்ளி' 17 குறிகளை விழுங்கிவிடும். பழைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. பிறகு சுருக்காமல் என்ன செய்வார்கள்?

நம் முன்னோரும் சுருக்கியவர்களே. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோல் ஆயின. ஏட்டில் 'எரி' என்றிருந்தால் அது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா? ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 18ஆம் நூற்றாண்டில், அன்றைய திருச்சிச் சீமையின் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர்தாம் இந்தக் குறில் நெடில்களுக்கு வேறுபாடு தெரியும் வடிவங்களை வகுத்தார்.

எல்லாச் சுருக்கமும் தவறா? இல்லை. பழைய பத்திரங்களில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று எழுதினார்கள். எழுதியவருக்கும் படித்தவருக்கும் பொருள் ஒன்றே. வேதியியல் குறியீடுகளும் அப்படித்தான். 'நா' என்று ஆங்கிலத்தில் இரண்டெழுத்து எழுதினால் உலகெங்கும் அது சோடியமே. நம் கைப்பேசிச் சுருக்கமோ ஆளுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று.

இன்று இணையவழிச் செய்திக்கு 140 பைட்டு எல்லை இல்லை. தமிழ் விசைப்பலகையும் கைப்பேசியிலேயே இருக்கிறது. நண்பனிடம் எப்படியும் எழுதிக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் அவன் திருப்பிக் கேட்பான். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும் விடைத்தாளிலும் விண்ணப்பத்திலும் அந்தப் பழக்கம் நுழைவதைத்தான் நான் எதிர்க்கிறேன். எங்கோ ஓர் ஊரில் உங்கள் விடைத்தாளைத் திருத்துகிறவர், 'தம்பி, இது மலையா, மழையா?' என்று கேட்க உங்களைத் தேடி வரமாட்டார்.